அல்ஸ்டர் கவுன்டியின் கல்வீடுகள்: ஹியூகனாட் தெரு வழிகாட்டிச் சுற்று, ஒரு மதிப்புரை

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, அல்ஸ்டர் கவுன்டியில் நியூ பால்ட்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் தாழ்வான பகுதியில், வால்கில் ஆற்றின் வண்டல் வயல்களுக்குச் சற்று மேலே, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட கல்வீடுகள் ஒரே தெருவில் இன்றும் நிற்கின்றன. அந்தத் தெருவை 'ஹிஸ்டாரிக் ஹியூகனாட் ஸ்ட்ரீட்' என்னும் அமைப்பு அருங்காட்சியகமாகப் பேணி வருகிறது. தெருவில் யாரும் நடக்கலாம். வீடுகளுக்குள் செல்ல வேண்டுமானால் வழிகாட்டியுடன் போகும் கட்டணச் சுற்றில் சேர வேண்டும். இந்த மதிப்புரை அந்தச் சுற்றைப் பற்றியது. நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் மோஹங்க், மின்னவாஸ்கா மலைகளைப் பார்க்க இந்த ஊர் வழியாகத்தான் செல்கின்றன. அவர்களில் பலர் இப்படியொரு தெரு இருப்பதை அறியாமலே கடந்துபோய்விடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளைக் காட்டும் இடங்களில் பெரும்பாலும் வரவேற்பறையும் நாற்காலிகளும் சுவரில் தொங்கும் முன்னோர் படங்களும்தாம் முதலிடம் பெறுகின்றன. வீட்டுக்காரர் யார், எத்தனை செல்வம் சேர்த்தார் என்பதோடு கதை முடிந்துவிடும். ஹியூகனாட் தெருவின் சுற்று அப்படியல்ல. ஒரு வீட்டை அதன் நிலவறையிலிருந்து பரண் வரை படிக்கக் கற்றுத் தருகிறது. கீழே உழைத்தவர்கள் யார், நடுவில் வாழ்ந்தவர்கள் யார், மேலே குவிந்த தானியம் எந்த நிலத்தில் விளைந்தது, அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விகளை அந்தந்த இடத்தில் நிற்கும்போதே எழுப்புகிறது. ஒரு கவுன்டியின் குடியேற்ற வரலாற்றை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் வீட்டுச் சுற்றுகள் அமெரிக்காவில் அரிது என்பது என் எண்ணம்.

சுற்றில் சேர்வதற்கு முன் கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் பார்ப்பது நன்றாக விளங்கும். இங்கே குடியேறியவர்கள் பிரெஞ்சு மொழி பேசிய புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள். அவர்களைத்தாம் ஹியூகனாட்டுகள் என்கிறார்கள். இன்றைய பிரான்சின் வட கோடியில் கலே, லீல் நகரங்களைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து வெளியேறி, ஜெர்மானிய நாடான பாலட்டினேட்டில் மன்ஹைம் நகரைச் சுற்றி அடைக்கலம் புகுந்து, 1660களிலும் 1670களிலும் ஹட்சன் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்சில் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் ஆணையை மன்னர் 14ஆம் லூயி 1685இல் ரத்து செய்ததால் தப்பியோடி வந்தவர்கள் இவர்கள் என்று பலர் எழுதுவதைப் பார்க்கலாம், அது பொருந்தாது. அந்த ஆண்டுக்கு முன்பே நியூ பால்ட்ஸ் ஊர் உருவாகிவிட்டது. பாலட்டினேட்டை ஜெர்மன் மொழியில் 'டி ஃபால்ஸ்' என்பார்கள். தங்களுக்கு இடம் கொடுத்த அந்த நாட்டின் பெயரைத்தான் புதிய ஊருக்கும் இட்டார்கள்.

ஹட்சன் பள்ளத்தாக்குக்கு அவர்கள் வந்தபோது அங்கே டச்சுக்காரர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள். இன்றைய கிங்ஸ்டன் நகரம் அப்போது வில்ட்விக் எனப்பட்டது. 1658இல் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் உத்தரவின்பேரில் அதைச் சுற்றி மரக்கம்ப வேலி எழுந்தது. அருகிலுள்ள ஹர்லி 1660களின் தொடக்கத்தில் 'நியூ டார்ப்', அதாவது புதிய ஊர், என்ற பெயரில் பிறந்தது. 1663 ஜூன் மாதத்தில் இப்பகுதியின் பூர்வகுடிகளான எசோபஸ் மக்கள் இவ்விரண்டு ஊர்களையும் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்தார்கள். பின்னாளில் நியூ பால்ட்ஸை நிறுவியவர்களில் ஒருவரான லூயி டுபுவாவின் மனைவி கேத்தரினும் சிறைபட்டவர்களில் ஒருவர். அவரைத் தேடிப்போன கூட்டம்தான் வால்கில் ஆற்றங்கரையின் வளமான நிலத்தை முதன்முதலில் கண்டது என்று பரம்பரையாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கதையாக வைத்துக்கொள்வதே நல்லது. பத்திரங்கள் சொல்வது அதைவிட உறுதியானது.

1677 மே மாதத்தில் எசோபஸ் மன்சி மக்களின் தலைவர்களோடு நில உடன்படிக்கை கையெழுத்தானது. விலையாகக் கொடுத்த பொருள்களின் பட்டியல் நீளமானது: 40 கொப்பரைகள், 40 கோடரிகள், சிப்பி மணிச் சரங்கள், சட்டைகள், போர்வைகள், கத்திகள், வெடிமருந்து, ஒயின், குதிரைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் ஆளுநர் எட்மண்ட் ஆன்ட்ரோஸ் 12 பேருக்கு நில உரிமைச் சாசனம் வழங்கினார். ஏறத்தாழ 40,000 ஏக்கர். ஆண்டு வாடகை ஐந்து புஷல் குளிர்காலக் கோதுமை. 1678இன் வசந்தத்தில் டுபுவா, ஹாஸ்ப்ரூக், டேயோ, பெவியர், கிரிஸ்பெல், ஃப்ரியர், லெஃபீவர் ஆகிய குடும்பத்தார் குடியேறினார்கள். ஒருவருக்கொருவர் உறவினர்களாகவும் சம்பந்திகளாகவும் இருந்த இந்தப் பன்னிருவரின் வழித்தோன்றல்களே பின்னர் 'டுசைன்' என்னும் பன்னிருவர் அவையை அமைத்து, அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஊரின் நில விவகாரங்களைத் தீர்த்துவந்தார்கள்.

இந்த உடன்படிக்கையைப் பற்றிப் பேசும்போது வழிகாட்டி அவசரப்படாமல் நின்று பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நிலத்தை ஒருவர் விற்றுவிட்டால் அதில் மீண்டும் கால்வைக்கக் கூடாது என்ற எண்ணமே மன்சி மக்களிடம் இருக்கவில்லை. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தொடர்ந்து வரலாம் என்ற புரிதலோடுதான் அவர்கள் கையொப்பக் குறி இட்டார்கள் என்பதை விளக்கினார். தெருவின் ஒரு புறத்தில் 2017ஆம் ஆண்டு கட்டப்பட்ட, வளைந்த கம்புகள்மீது மரப்பட்டை போர்த்திய விக்வாம் குடில் ஒன்று நிற்கிறது. இரண்டடித் தடிமனுள்ள கல்சுவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் குடில் முதலில் எளியதாகத் தோன்றும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கல்வீட்டுக்கும் முந்தைய வீடு அந்த வடிவத்தில்தான் இருந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இப்போது விஸ்கான்சின் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கிறார்கள். சொந்த நிலத்திலிருந்து அத்தனை தூரம் தள்ளப்பட்டவர்களைப் பற்றிய பேச்சைச் சுற்றின் தொடக்கத்திலேயே வைத்திருப்பது சரியான முடிவு.

சுற்று டுபுவா கோட்டையிலிருந்து தொடங்குகிறது. வருகையாளர் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. கோட்டை என்ற சொல்லைக் கேட்டுப் பெரிய மதில்களை எதிர்பார்க்க வேண்டாம். அதுவும் ஒரு வீடுதான்; முகப்புச் சுவரில் 1705 என்ற எண்கள் இரும்பில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆபத்துக் காலத்தில் ஊரார் ஒதுங்க ஓரிடம் வேண்டும் என்ற அரசாங்க நிபந்தனையை நிறைவேற்றுவதற்காகத் துப்பாக்கி நீட்டும் துளைகளோடு அதைக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மேல்தளமும் முன்தாழ்வாரமும் சேர்ந்ததால் இன்று பார்ப்பதற்குச் சாதுவான பண்ணைவீடு போலவே தோன்றுகிறது.

அடுத்துப் பார்த்த ஷான் ஹாஸ்ப்ரூக் வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். தெருவிலிருந்து பார்க்கும்போது வீட்டின் பாதிக்கு மேல் கூரையாகத்தான் தெரியும். சுவர் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட, அங்கிருந்து மரச்சில்லு வேய்ந்த கூரை செங்குத்தாக எழும்பிச் செல்கிறது. சுவருக்குப் பயன்பட்டவை அக்கம்பக்கத்து வயல்களிலும் பாறைகளிலும் கிடைத்த கற்கள். உள்ளே களிமண்ணும் வைக்கோலும் கலந்த சாந்து. மழை படும் வெளிப்புற இடுக்குகளில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு விலையுள்ள பொருள் என்பதால் அதைச் சிக்கனமாகப் பூசியிருக்கிறார்கள். வெளிப்பூச்சு உதிர்ந்து தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் களிமண் கரைந்து சுவர் பிதுங்கத் தொடங்கும். இத்தகைய சுவர்களை அண்மைக்காலத்தில் சிமென்ட் வைத்து அடைப்பது எவ்வளவு தீங்கானது என்பதும் இதிலிருந்து புரியும். சிமென்ட் ஈரத்தை வெளியேற விடாமல் உள்ளேயே பூட்டிவைக்கும்.

கதவு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரிந்து திறக்கிறது. கீழ்ப்பாதியைச் சாத்திவைத்தால் பன்றியும் கோழியும் உள்ளே வராது. மேல்பாதி வழியே வெளிச்சமும் காற்றும் வரும். உள்ளே நடைக்கூடம், அதன் இருபுறமும் அறைகள். தலைக்கு மேலே முகப்பிலிருந்து பின்சுவர் வரை ஒரே நீளமாக ஓடும் உத்தரங்களைப் பார்த்தபோது இந்தக் காட்டில் அன்று எத்தகைய மரங்கள் நின்றிருக்கும் என்று வியந்தேன். அந்த உத்தரங்களே வீட்டின் வயதையும் சொல்லியிருக்கின்றன. முன்பெல்லாம் குடும்ப மரபை நம்பி இந்த வீட்டுக்கு இன்னும் பழைய தேதி சொல்லிவந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஆராய்ந்தபோது 1721 என்று தெரியவந்தது. ஷான் ஹாஸ்ப்ரூக் 1714இலேயே இறந்துவிட்டார். ஆகவே தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த வீட்டை இன்றுள்ள வடிவில் எழுப்பியவர் மகன் ஜேக்கப். குடும்பப் பெருமைக்கு இது சற்றே குறைவுதான் என்றாலும், கிடைத்த சான்றை ஏற்றுத் தேதியைத் திருத்திக்கொண்ட அருங்காட்சியகத்தின் மீது என் மதிப்பு கூடியது.

இந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்ற இடம் கணப்பு. ஆங்கிலேயப் பாணிக் கணப்பு சுவருக்குள் குடைந்த மாடம் போலிருக்கும்; இரு பக்கமும் சுவர் அணைத்திருக்கும். இங்கே இருப்பது டச்சுப் பாணி. பக்கச்சுவர்களே கிடையாது. பின்சுவரை ஒட்டித் தரையில் நெருப்பு எரியும். அதற்கு மேலே, தலைக்கு உயரத்தில், அகலமான புகைக்கூண்டு கூரையிலிருந்து தொங்கும். நெருப்பைச் சுற்றி மூன்று பக்கமும் ஆள்கள் உட்காரலாம். புகைக்கூண்டின் விளிம்பைச் சுற்றித் துணித் தொங்கல் ஒன்று கட்டியிருப்பார்கள். அறைக்குள் புகை சுருள்வதை அது ஓரளவு தடுக்கும். வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடும் என்பதால் இந்த அமைப்பு விறகை விழுங்கும். அதனால்தான் பிற்காலத்தில் பல வீடுகளில் இதை இடித்துவிட்டு ஆங்கிலேயப் பாணிக்கு மாறினார்கள். பிரெஞ்சு பேசியவர்களின் வீட்டில் டச்சுக் கணப்பு, டச்சுக் கதவு, டச்சு முறை உத்தரங்கள்! இந்தத் தெருவில் பிரான்சைத் தேடி வருபவர்கள் ஏமாறுவார்கள். குடியேறியவர்கள் தாம் விட்டுவந்த ஊரின் வீட்டைக் கட்டவில்லை. பக்கத்து ஊர்த் தச்சரும் கொத்தனாரும் கட்டத் தெரிந்த வீட்டையே கட்டிக்கொண்டார்கள்.

இனி அந்த உயரமான கூரைக்கு வருவோம். அதன் அடியில் இருக்கும் பரண் வீட்டின் மொத்த நீள அகலத்துக்கும் விரிந்து கிடக்கிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் நெற்குதிருக்கு இருந்த மரியாதை இங்கே பரணுக்கு இருந்தது. கோதுமைதான் 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கவுன்டியின் பணம். வாடகை கோதுமையில், கடன் கோதுமையில், கிங்ஸ்டன் படகுத்துறையிலிருந்து நியூயார்க் நகரத்துக்குப் போன சரக்கும் கோதுமையும் மாவும்தான். மனிதர்கள் வாழும் அறைகளைவிடத் தானியத்துக்கு அதிக இடம் ஒதுக்கிய வீடு இது என்பதை அங்கே தலை நிமிர்த்திப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

அந்தக் கோதுமையை விளைவித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை ஆப்ரகாம் ஹாஸ்ப்ரூக் வீட்டில் கிடைக்கிறது. 1721 முதல் படிப்படியாக வளர்ந்த வீடு அது. ஓர் அறையாகத் தொடங்கி, இரண்டு பக்கமும் நீண்டு, இப்போது மூன்று பகுதிகளாக நிற்கிறது. அதன் நிலவறைச் சமையலறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். சிறிய சன்னல், தாழ்ந்த கூரை, பெரிய அடுப்பு. அடிமைகளாக வாங்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் இங்கே சமைத்தார்கள். பலர் இங்கேயே உறங்கினார்கள். கோடையில் ஈரம் கசியும். குளிர்காலத்தில் அடுப்பு அணைந்தபின் கல்சுவர் குளிரைக் கக்கும். பக்கத்து நிலவறைகளில் மாட்டிறைச்சியும் ஆப்பிளும் கிழங்கும் சேமித்துவைத்த அதே மட்டத்தில்தான் மனிதர்களையும் வைத்திருந்தார்கள்.

வடக்கு மாநிலங்களில் அடிமை முறை பெயரளவுக்குத்தான் இருந்தது என்ற பொது நம்பிக்கை இந்த அறையில் நிற்கும்போது உடைந்துபோகும். ஊரை நிறுவிய லூயி டுபுவா, நியூ பால்ட்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1674இல் கிங்ஸ்டனில் நடந்த ஏலத்தில் இரண்டு ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார். மதத்தின் பேரால் தாம் பட்ட துன்பத்துக்கு விடுதலை தேடி வந்தவர்கள் மற்றவர்களின் விடுதலையைப் பறித்ததை வழிகாட்டி மழுப்பவில்லை. உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் மாடு, குதிரை, கலப்பை இவற்றின் நடுவே மனிதர்களின் பெயர்களும் விலைகளும் எழுதப்பட்டிருப்பதை எடுத்துச் சொன்னார். நியூயார்க் மாநிலம் 1799இல் படிப்படியான விடுதலைச் சட்டத்தை இயற்றியது. முழு விடுதலை 1827 ஜூலை 4 அன்றுதான் வந்தது. அதாவது இந்தத் தெருவின் வீடுகளில் பெரும்பாலானவை நூறாண்டுக் காலம் அடிமை உழைப்பில்தான் இயங்கின.

இந்தக் கவுன்டியின் மிகப் புகழ்பெற்ற மகள் இந்தக் கல்வீட்டு உலகத்தில்தான் பிறந்தார். சொஜர்னர் ட்ரூத் என்று பின்னாளில் உலகம் அறிந்த இசபெல்லா, 1797ஐ ஒட்டி அல்ஸ்டர் கவுன்டியில் ஹார்டன்பர்க் குடும்பத்தின் அடிமையாகப் பிறந்தார். அவர் முதலில் பேசிய மொழி டச்சு. ஒன்பது வயதில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். ஆங்கிலம் தெரியாததால் புதிய எசமானரிடம் அடிவாங்கினார். 1826இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகன் பீட்டரை மீட்கக் கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 1828இல் வென்றார். ஹியூகனாட் தெருவிலிருந்து காரில் சிறிது தூரம் போனால் போர்ட் யூவன் என்னும் ஊரில், தண்ணீர்க்குடங்களோ சாராயக்குடங்களோ சுமந்து நடக்கும் சிறுமியாக அவரைக் காட்டும் வெண்கலச் சிலை 2013 முதல் நிற்கிறது. தெருவைப் பார்த்துவிட்டு அங்கேயும் போய்வரப் பரிந்துரைக்கிறேன். நிலவறையில் கேட்டதற்கு ஒரு முகம் கிடைக்கும்.

இந்த நினைவு இன்றும் ஊரில் உயிரோடிருக்கும் விவாதம். நியூ பால்ட்ஸில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளுக்கு ஹியூகனாட் குடும்பப் பெயர்களே நெடுங்காலம் இருந்தன. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2019இல் அவற்றை மாற்றினார்கள். பல்கலைக்கழக நூலகம் சொஜர்னர் ட்ரூத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்த வீடுகளைக் காப்பாற்றியதும் அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள்தாம் என்பதையும் மறக்கக் கூடாது. 1894இல் அவர்கள் தொடங்கிய சங்கம்தான் 1899இல் ஷான் ஹாஸ்ப்ரூக் வீட்டை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியது. முன்னோரைப் போற்றுவதற்காகத் தொடங்கிய அமைப்பு, அதே முன்னோரின் பத்திரப் பெட்டிகளைத் திறந்து அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தேடி எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

மற்ற வீடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெவியர்-எல்டிங் வீடு தன் முக்கோண முகப்பைத் தெருவுக்குக் காட்டி நிற்கிறது. நெதர்லாந்து நகரத் தெருக்களின் வழக்கம் அது. டேயோ வீடு பழைய கல்வீடாகத் தொடங்கி, 1894இல் பணக்கார வாரிசு ஒருவரால் மேல்தளமும் அலங்காரமும் சேர்த்து மாளிகையாக மாற்றப்பட்டது. கல்வீடு பார்க்க வந்தவர்களுக்கு அது சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் கீழ்ச்சுவரில் பழைய கற்கள் தெரிகின்றன. 1799இல் எழுந்த லெஃபீவர் வீட்டின் முகப்பு செங்கல். கல்லிலிருந்து செங்கல்லுக்கும், டச்சு வடிவத்திலிருந்து ஆங்கில வடிவத்துக்கும் ஊரின் மனம் மாறியதை அந்த ஒரு சுவரே காட்டிவிடுகிறது.

தேவாலயத்தைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். தெருவில் நிற்கும் சிறிய சதுரக் கல் தேவாலயம் 1717இல் இருந்த கட்டடத்தின் மாதிரியாக 1972இல் புதிதாகக் கட்டப்பட்டது. படம் எடுப்பவர்கள் அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள் என்பதால், அது மறுகட்டுமானம் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அருகிலுள்ள இடுகாடு அசலானது. எழுத்துகள் தேய்ந்த கல்லறைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து பெயர்களைப் படித்தால் அதே ஏழு குடும்பப் பெயர்கள் மாறி மாறி வரும். திருச்சபையின் பதிவேடுகள் முதலில் பிரெஞ்சிலும், பிறகு டச்சிலும், 1800ஐ ஒட்டி ஆங்கிலத்திலும் எழுதப்பட்டன. மூன்று தலைமுறைக்குள் ஒரு குடியேற்றச் சமூகம் தன் மொழியை விட்டுவிடும் என்பதற்கு வெளிநாட்டில் வாழும் நமக்கு வேறு சான்று வேண்டாம்.

'அமெரிக்காவின் மிகப் பழைய தெரு' என்ற விளம்பரச் சொல்லைப் பல பயணக் குறிப்புகளில் காணலாம். அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடும் ஊர்கள் பல. இந்தத் தெருவுக்கு அது தேவையுமில்லை. இதன் அருமை வேறு. கடைவீதியும் கல்லூரியும் மேட்டுப்பக்கம் வளர்ந்ததாலும், வீடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களிடம் இருந்ததாலும், இடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. இத்தனை வீடுகள் தம் பழைய இடத்தில், தம் வயல்களைப் பார்த்தபடி, ஒன்றுக்கொன்று அண்டைவீடாகவே நிற்பது மிக அரிது. 1960இல் இப்பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முழு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் இந்தத் தெருவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கிங்ஸ்டனில் ஜான் தெருவும் கிரவுன் தெருவும் சந்திக்கும் இடத்தில் நான்கு மூலைகளிலும் புரட்சிக்கு முந்தைய கல்வீடுகள் நிற்கின்றன. 1777 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் முதல் அரசியல் சட்டம் இந்த ஊரில்தான் ஏற்கப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் மாநில மேலவை கூடிய 'செனட் ஹவுஸ்' கல்வீட்டையும் பார்க்கலாம். அக்டோபர் 16 அன்று பிரிட்டிஷ் படை ஊரைக் கொளுத்தியது. கூரையும் தரையும் எரிந்து சாம்பலான பிறகும் கல்சுவர்கள் நின்றதால், மக்கள் அதே சுவர்களுக்குள் மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். ஹர்லியில் இன்றும் கல்வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஒரு நாள் சில வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இன்னும் மேற்கே போனால் அஷோகன் நீர்த்தேக்கம். நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக 1907 முதல் 1915 வரை அதைக் கட்டியபோது பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஒரே கவுன்டியில் காக்கப்பட்ட ஊரையும் கரைந்துபோன ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இனி நடைமுறைச் செய்திகள். மன்ஹாட்டனிலிருந்து 87ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து 18ஆவது வெளிவாயிலில் இறங்க வேண்டும். கார் இல்லாதவர்கள் போர்ட் அத்தாரிட்டி நிலையத்திலிருந்து டிரெயில்வேஸ் பேருந்தில் வரலாம். குளிர்காலத்தில் வீடுகள் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. புறப்படும் முன் அமைப்பின் இணையதளத்தில் அன்றைய சுற்று நேரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் எல்லா வீடுகளுக்குள்ளும் அழைத்துச் செல்வதில்லை, எந்தெந்த வீடுகள் என்பதும் சுற்றுக்குச் சுற்று மாறலாம். எனவே நிலவறைச் சமையலறையைப் பார்க்க விரும்பினால் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது: வாசல் நிலைகள் தாழ்வானவை, நிலவறைப் படிகள் செங்குத்தானவை, தரைப்பலகைகள் மேடுபள்ளமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தரை அறைகளை மட்டும் பார்த்துவிட்டுத் தெருவில் உள்ள பெஞ்சில் அமர்ந்திருக்கலாம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சுற்று நன்றாகப் பிடிக்கும். பள்ளிப் பாடத்தில் படிக்கும் காலனிக் காலத்தைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அதைவிடச் சிறிய குழந்தைகள் அசையாமல் நின்று கேட்பது கடினம். அவர்களை விக்வாம் குடிலுக்கும் அருகே ஓடும் பழைய ரயில் பாதை நடைவழிக்கும் ஒருவர் அழைத்துப்போக, மற்றவர்கள் சுற்றில் சேரலாம். உணவுக்கு மேட்டிலுள்ள மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். கல்லூரி ஊர் என்பதால் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் குறையிருக்காது. வார நாளின் காலைச் சுற்று எல்லாவற்றிலும் நல்லது. கூட்டம் குறைவாக இருக்கும். கேள்வி கேட்டால் வழிகாட்டி நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். சுவரின் சாந்து, கணப்பின் அமைப்பு, நிலவறையில் வாழ்ந்தவர்களின் பெயர்கள், இந்த மூன்றையும் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.